அட்வான்ஸ் யாருடைய பணம்?



மலர்க்குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடுடா" என்று கேட்டபோது எனக்குக் கவிதை எழுதத்தான் ஆசை. ஆனால் கவிதைப் பக்கங்கள் ஏற்கெனவே நிரம்பி வழிகிறதாம் (நம் ஒர்க் ஷாப்பில் இருக்கும் லேத்துகளைவிட நம் கிளாஸில் கவிஞர்கள் அதிகம்!). சரி, நம்மில் பாதிப் பேருக்கு நடந்த, மீதிப் பேருக்கு நடக்கப் போகிற ஒரு விஷயத்தை எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். வீட்டு அட்வான்ஸ் விஷயம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லி விடுகிறேன். அக்ரிமெண்ட் முடியும் முன்னால் நாம் வீட்டைக் காலி செய்தால் அட்வான்ஸ் முழுவதும் ஓனருக்கே என்பது அநியாயம். முழுவதும் நமக்கே என்பதும் அநியாயம். இந்த இரண்டாவது வரியைச் சொன்னதற்காக ரூமில் என்னை "ஓனர் கட்சி" என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்கள் சொல்லுங்கள்.

போன வருடம் ஜூன் கடைசி. ஹாஸ்டலில் இடம் கிடைக்காத நாங்கள் நாலு பேர் ஆவாரம்பாளையம் பக்கம் தெருத் தெருவாக அலைந்தோம். 'டு-லெட்' போர்டு தொங்கும் வாசலில் நின்றால் முதல் கேள்வி, "ஃபேமிலிங்களா, பேச்சுலருங்களா?" பேச்சுலர் என்றதும் கதவு பாதி சாத்திக் கொள்ளும். "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாருங்க" என்பார்கள். மறுநாளும் அதே போர்டு அங்கேயே தொங்கும். பதினோரு வீடு பார்த்த பிறகு பன்னிரண்டாவது வீட்டில், மில்லில் இருந்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "படிக்கிற பசங்கதானே... சத்தம் போடாம இருப்பீங்கன்னா வாங்க" என்றார். மாடியில் இரண்டு ரூம், ஒரு சமையல் கட்டு. வாடகை 8,000. அட்வான்ஸ் 40,000. ஆடி பிறப்பதற்குள் வந்துவிட வேண்டும்.

அந்த நேரத்தில் அவர் எதை நீட்டியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்போம். நீட்டியது 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர். பதினோரு மாதம் என்று டைப் அடித்திருந்தது. இடையில் காலி செய்தால் என்ன என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. 'குடியிருப்பவர்' என்ற இடத்தில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. "யாராவது ஒருத்தர் போடுங்க போதும்" என்றார். கையெழுத்து அழகாக இருக்கும் என்று மூன்று பேரும் என்னை முன்னால் தள்ளினார்கள். டிராயிங் ஷீட்டில் டைட்டில் பிளாக் எழுதுகிற அழகோடு போட்டேன். அந்த அழகுக்கு என்ன விலை என்று பின்னால் சொல்கிறேன்.

ஆளுக்குப் பத்தாயிரம். என் பங்குக்காக அம்மாவின் செயின் கூட்டுறவு பேங்குக்குப் போனது. மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

இப்போது ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் படிப்பது மூன்றரை வருட சாண்ட்விச் கோர்ஸ். நாலாவது செமஸ்டர் முழுக்க இன்பிளாண்ட் டிரெயினிங் என்பது அட்மிஷன் போட்ட அன்றே தெரியும். அதாவது ஜூலையில் பதினோரு மாதத்துக்குக் கையெழுத்துப் போடும்போதே, டிசம்பரில் எங்கே இருப்போம் என்பது எங்களுக்கே தெரியாது! "கோயமுத்தூர்ல இல்லாத கம்பெனியா? இங்கேயே கிடைச்சிரும்" என்று ஒருவன் சொன்னான். மற்ற மூன்று பேரும் தலையாட்டினோம். அவ்வளவுதான் எங்கள் திட்டமிடல்.

அக்டோபரிலேயே டிரெயினிங் லிஸ்ட் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. ஓசூர், ஒரகடம் என்று பெயர்கள் அடிபட்டன. பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. சொன்னால் முகம் மாறுவார், அட்வான்ஸில் கை வைப்பார் என்று பயம். நவம்பர் 22 ஆம் தேதி லிஸ்ட் ஒட்டினார்கள். இரண்டு பேருக்கு ஓசூர், எனக்கு ஒரகடம், ஒருவனுக்கு மட்டும் கோவை. அவனால் தனியாக எட்டாயிரம் கொடுக்க முடியாது. சிங்காநல்லூர் அத்தை வீட்டுக்குக் கிளம்பிவிட்டான். அன்று சாயங்காலம் கீழே இறங்கிப் போய், "அய்யா, 30 ஆம் தேதி காலி பண்றோங்க. அட்வான்ஸ் ரெடி பண்ணிருங்க" என்றோம். எட்டே நாள் நோட்டீஸ்.

பெரியவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏந்தம்பி, பதினோரு மாசம்னு கையெழுத்துப் போட்டீங்களே. இன்னும் ஆறு மாசம் இருக்குது. ஆறெட்டு நாப்பத்தெட்டு. உங்க அட்வான்ஸ் நாப்பது போக நீங்கதான் எனக்கு எட்டாயிரம் தரோணும். படிக்கிற பசங்க, அதை நான் கேக்கலை. போயிட்டு வாங்க" என்றார்.

நண்பர்களே, பெரிய மனது பண்ணி நம் நாற்பதாயிரத்தையும் எடுத்துக்கொண்டு, கூடவே எட்டாயிரத்தைத் தள்ளுபடியும் செய்கிற ஒரு மனிதரிடம் என்ன பேசுவீர்கள்? ரூமுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு குதித்தோம். சாவியைக் கொடுக்காமல் பூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றான் ஒருவன். ஃபேனைக் கழற்றலாம் என்றான் இன்னொருவன். (அது எங்கள் ஃபேனே இல்லை.) கடைசியில் சாவியைக் கொடுத்தோம். அது ஒன்றுதான் அந்த வாரத்தில் நாங்கள் செய்த புத்திசாலித்தனம். பூட்டி வைத்திருந்தால், வீடு எங்கள் கையில் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் எட்டாயிரம் ஏறிக்கொண்டே போயிருக்கும்.

ஒரகடம் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் ஊர்க்கார அக்கா ஒருவருக்கு போன் போட்டேன். சட்டக் கல்லூரியில் படிக்கிறார். எனக்குச் சாதகமாக நாலு வார்த்தை சொல்வார் என்று நினைத்தால், முதல் கேள்வியே "எப்படா சொன்னீங்க?" என்பதுதான். எட்டு நாள் என்றதும் சிரித்தார். பிறகு அவர் சொன்னதையும், நான் நூலகத்தில் படித்துச் சரிபார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பணம் இருக்கிற இடம் இதுதான்.

மாத வாடகைக்குக் குடியிருப்பவர் 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறலாம் என்று 1882 ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 106 ஆவது பிரிவில் சொல்கிறது. ஆனால் இது வேறு ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு. பதினோரு மாதம் என்று காலக்கெடு வைத்துக் கையெழுத்துப் போட்டவன் அந்தப் பிரிவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. நடுவில் போகலாம் என்று அக்ரிமெண்டில் வழி வைக்காவிட்டால், நடுவில் போகிறவன் ஒப்பந்தத்தை மீறியவன். அதாவது நான். "நாம என்ன தப்பு பண்ணினோம்?" என்று மூன்று வாரமாகக் கத்திக்கொண்டிருந்த எனக்கு இதைக் கேட்டதும் தொண்டை அடைத்தது.

சரி, மீறினால் முழு அட்வான்ஸும் போய்விடுமா? போகாது. 1872 ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 73, 74 ஆகிய பிரிவுகளைப் பாருங்கள். ஒப்பந்தத்தை மீறினால் எதிராளிக்கு நியாயமான நஷ்ட ஈடு உண்டு. இவ்வளவு அபராதம் என்று பேப்பரிலேயே எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகை மேல் வரம்புதானே தவிர அப்படியே அள்ளிக்கொள்வதற்கு இல்லை. முன்பணத்தைப் பறிமுதல் செய்யும் விஷயத்திலும் இந்த 74 ஆவது பிரிவு பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட் 1963 இல் ஃபதே சந்த் வழக்கிலேயே சொல்லிவிட்டது. 2015 இல் கைலாஷ் நாத் வழக்கிலும் அதையே அழுத்திச் சொன்னது. அதைவிட முக்கியம் 73 ஆவது பிரிவின் விளக்கம். நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அதைச் சரிக்கட்ட எதிராளிக்கு என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு, டு-லெட் போர்டுகூட மாட்டாமல், ஆறு மாத வாடகையையும் கேட்க முடியாது. போர்டு மாட்டி, அடுத்த ஆள் வரும் வரைக்கும் வீடு சும்மா கிடந்தால், அந்தக் காலத்து வாடகைதான் நஷ்டம்.

தமிழ்நாட்டில் 1960 ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017 ஆம் வருடத்துப் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி அக்ரிமெண்ட் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். (டெபுடி கலெக்டர் அந்தஸ்தில் இருப்பவர் அவர்.) வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் டெபாசிட் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். எங்கள் கணக்கில் மூன்று மாதம் என்றால் 24,000. நாங்கள் கொடுத்தது 40,000. பதிவு? அப்படி ஒன்று இருப்பது பெரியவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பதினோரு மாதம் என்று போடுவதே, ஒரு வருடத்தைத் தாண்டினால் ரிஜிஸ்டர் செய்ய வேண்டும் என்ற பழைய விதியிலிருந்து தப்பிக்கத்தான். இங்கே இப்போது எல்லா அக்ரிமெண்டையும் பதிவு செய்ய வேண்டும் என்று ஆன பிறகும் அந்தப் பதினோரு மாதம் மட்டும் வழக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு, சட்டப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட மாதிரி, பொங்கல் லீவில் பெரியவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். தனியாகப் போகப் பயந்து நம் ஒர்க் ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ஒருவரையும் கூட்டிப் போனேன். (பெயர் போட்டால் திட்டுவார்.) டு-லெட் போர்டு கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே ஜன்னல் சாத்தியிருந்தது.

"டிசம்பர் ஒண்ணாந்தேதியே போர்டு மாட்டிட்டேனுங்க சார்" என்றார் பெரியவர், என்னைப் பார்க்காமல் சாரைப் பார்த்து. "கார்த்திகைல பாதி போயிருச்சு. ரெண்டு பேரு வந்து பாத்தாங்க, யோசிச்சுச் சொல்றோம்னாங்க. அதுக்குள்ள மார்கழி பொறந்துருச்சு. மார்கழில யாருங்க வீடு மாத்துவாங்க? இந்தப் பசங்க ஐப்பசிலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கார்த்திகை பூராவும் எனக்கு இருந்திருக்குமுங்க."

இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் நம் ஊரில் வீடு வாடகைக்கு விடுகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த கணக்கு. ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள். நவம்பர் கடைசியில் காலி செய்கிறவன் ஓனருக்கு ஒரு மாதம் அல்ல, தை பிறக்கும் வரை நஷ்டம் வைத்துவிட்டுப் போகிறான். எங்களை ஆடிக்கு முன்னால் வரச் சொன்னதும் இதனால்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மா காபி கொண்டு வந்து வைத்தார். (ஐந்து மாதத்தில் அந்தக் கையால் எத்தனை கிண்ணம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டிருப்போம்! கிளம்பும் அன்று சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.) "இவரு குடுக்க மாட்டேன்னு சொல்லலை கண்ணு. கையில இல்ல. உங்க பணத்தை வாங்கித்தானே உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களுக்குக் குடுத்தோம். அவங்க குடுத்தது மோட்டார் போட்டதுல போயிருச்சு" என்றார்.

அட்வான்ஸ் என்கிற சமாசாரம் எப்படி ஓடுகிறது என்பது இந்த ஒரு பேச்சில் இருக்கிறது. நாம் கொடுத்த பணம் பீரோவில் கட்டாகக் காத்திருக்கிறது என்று நினைக்கிறோம். அது வந்த அன்றே பழைய ஆளிடம் போய்விடுகிறது. நமக்கு வர வேண்டியது அடுத்த ஆளின் பாக்கெட்டில் இருக்கிறது. அடுத்த ஆள் வருவதற்குள் நாம் போய் நின்றால் ஓனர் கையை விரிப்பார். விரிப்பது தப்புதான், அடுத்தவன் பணத்தை எடுத்து மோட்டார் போடச் சொன்னது யார்? ஆனால் மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் பென்ஷனும் மாடி வாடகையும் தவிர வேறு வரும்படி இல்லாத ஒரு வீட்டில் அது நடக்கும் என்று நாமும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பத்து வீடு கட்டி வாடகைக்கு விட்டு, வருகிற பசங்களிடம் எல்லாம் பெயிண்டுக்கு என்று பிடிக்கிற ஓனர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை.

சார் ஒரு காகிதம் கேட்டார். நம் சாருக்கு எதையும் எழுதிக் காட்டினால்தான் பிடிக்கும். நாற்பதாயிரம் மேலே. தை மாதம் ஆள் வந்துவிட்டால் நஷ்டம் டிசம்பர் முழுவதும், ஜனவரியில் பாதி: 12,000. கட்டாமல் விட்ட கரண்ட் பில் 1,140. பாத்ரூம் கதவின் கீல் 900 (அதை யார் உடைத்தது என்று எங்களுக்குள் இன்னும் தீர்ப்பாகவில்லை). பெயிண்டுக்குப் பெரியவர் ஆறாயிரம் கேட்டார். ஐந்து மாதத்தில் தானாக மங்கியதற்கு நாங்கள் பொறுப்பில்லை, சாதாரணத் தேய்மானத்தைக் குடியிருப்பவன் தலையில் கட்டக் கூடாது என்று 1882 சட்டத்திலேயே இருக்கிறது என்றேன். "அப்ப அதென்ன தேய்மானமா தம்பி?" என்று மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். எங்கள் அபிமான நடிகரின் போஸ்டரைப் பிய்த்த இடத்தில் ஆறடிக்கு ஆறடி சுண்ணாம்பு வரை தெரிந்தது. நான் சட்டத்தை மூடி வைத்துக்கொண்டேன்.

கழித்துப் பார்த்தால் 25,960. பெயிண்டுக்கு அந்த 960 போதும் என்று கடைசியில் அவரே சொன்னார். தை மூன்றாம் தேதி ஒரு குடும்பம் வந்து அட்வான்ஸ் கொடுத்தது. அன்று மாலையே என் அக்கவுண்டில் 25,000 விழுந்தது. டெபாசிட்டே மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கியிருக்கிறார், காலி செய்து ஒரு மாதமும் தாண்டிவிட்டது, வாடகை அதிகாரியிடம் போயிருந்தால் இன்னும் கொஞ்சம் வந்திருக்குமோ என்னவோ. நான் போகவில்லை. மார்கழி நஷ்டத்தை வைத்தது நாங்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆளுக்கு 6,250 என்று நான் அனுப்பியதும் ரூம் நண்பர்கள் இரண்டு பேர் முழுப் பத்தாயிரமும் கேட்டார்கள். "நீதானே கையெழுத்துப் போட்டே, நீதானே போய்ப் பேசினே, யார் உன்னை விட்டுக்குடுக்கச் சொன்னது?" என்று ஒருவன் மெசேஜ் போட்டான். ஓனரிடம் பட்டதைவிட இது அதிகமாக வலித்தது. யோசித்துப் பார்த்தால், பேப்பரில் ஒரே பெயர் இருந்தால் இப்படித்தான் ஆகும். நஷ்டம் வந்தால் ஒருவன் தலையில், பேசப் போக வேண்டியதும் அவனே, பேசிக்கொண்டு வந்தால் துரோகியும் அவனே. நாலு பேர் குடியிருந்தால் நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். இடம் இல்லாவிட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேல் பிடிக்கத் தெரியாதா நமக்கு?

அம்மாவின் செயினை மீட்க ஒரகடத்து ஸ்டைபண்டில் இருந்து மிச்சம் போட்டேன். சித்திரை ஆகிவிட்டது.

இப்போது யூனியனுக்கு ஒரு வேண்டுகோள். இதற்காகத்தான் கவிதையைக்கூட விட்டுக்கொடுத்தேன். ஓனர்களை எதிர்த்து போஸ்டர் ஒட்ட வேண்டும் என்று ஜெனரல் பாடியில் சிலர் பேசினார்கள். கைதட்டல் கிடைத்தது. போஸ்டர் ஒட்டினால் பேச்சுலருக்கு வீடு கொடுக்கிற மிச்சம் நாலு பேரும் கதவைச் சாத்துவார்கள், அவ்வளவுதான் நடக்கும். ஓனருக்கு நஷ்டமே வராமல் நாம் வெளியேற ஒரு வழி இருக்கிறது: நமக்குப் பதில் ஆள். ஒவ்வொரு டிசம்பரிலும் சாண்ட்விச் பசங்கள் டிரெயினிங் போகிறோம். அதே டிசம்பரில், ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் வீடு தேடுகிற ஜூனியர்களும் இதே கேம்பஸில்தான் திரிகிறார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. ஒரு ரெஜிஸ்டர் நோட்டு போட்டு, யார் எந்த மாதம் எந்தத் தெருவில் காலி செய்கிறார்கள், யாருக்கு வீடு வேண்டும் என்று எழுதி வைத்தால் போதும். நாங்கள் போகும்போது அந்த மாடிக்கு நாலு ஜூனியர்களைக் கையோடு கூட்டிப் போயிருந்தால் மார்கழிக் கணக்கே வந்திருக்காது, பெரியவர் எங்களுக்கு டிபன் போட்டு அனுப்பியிருப்பார்.

அக்ரிமெண்டில் சேர்க்க வேண்டியது ஒரே ஒரு வரிதான்: 'இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் ஒரு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம்.' ஷாஃப்டும் ஹோலும் ஒரே அளவில் கடைந்தால் உள்ளே போகாது, கொஞ்சம் கிளியரன்ஸ் விட வேண்டும் என்று முதல் வருடத்திலேயே படித்த நாம், பதினோரு மாதத்தை மட்டும் கிளியரன்ஸ் இல்லாமல் கையெழுத்துப் போடுகிறோம். பேசினால் ஓனர்கள் இதற்குச் சம்மதிக்கிறார்கள். ஏனென்றால் அவர்களுக்கும் அந்த வரி உதவும். இந்த வருடம் நான் இருக்கிற வீட்டில் இதை எழுதி வாங்கியிருக்கிறேன். டெபாசிட்டும் மூன்று மாதம்தான். கேட்டபோது ஓனர் கொஞ்சம் முறைத்தார், பிறகு சரி என்றார்.

தோழிகள் தங்கும் லேடீஸ் ஹாஸ்டல், பேயிங் கெஸ்ட் வீடுகளில் நடக்கும் கூத்து வேறு மாதிரி என்று கேள்வி. அடுத்த மலரில் அவர்களில் யாராவது எழுத வேண்டும்.

நோட்டு வாங்கியாகிவிட்டது, 200 பக்கம், நானே அட்டை போட்டேன். யூனியன் ரூமில் கேரம் போர்டுக்கு மேலே இருக்கிற தட்டில் வைத்திருக்கிறது. முதல் பக்கத்தில் ஆவாரம்பாளையம் மாடி வீட்டை எழுதியிருக்கிறேன். அந்தக் குடும்பம் வைகாசியில் சொந்த ஊர் போகிறதாம். பெரியவர் மாசியிலேயே போன் பண்ணிச் சொல்லிவிட்டார். நல்ல பசங்களாக நாலு பேர் வேண்டும் என்கிறார், போஸ்டர் ஒட்டாத பசங்களாக.